இரண்டாம் வெடி

ஜூன் 9, திங்கள்

வெக்கை. வேலையால் வந்து, பேஸ்மென்ற் அலுமாரியிலிருந்து பிஸ்டலை எடுத்தேன். போன கோடைக்குப் பிறகு நான் தொடுவது இன்றுதான். சட்டைப் பைக்குள் அடங்குகிற பழைய சாமான். ஓட்டம் தொடக்க மட்டும். குண்டு கிடையாது, சத்த வெடி ஏழு. பழைய மாணவர் சங்கத்துக்கு வாங்கியபோதே அது பழசு.

விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் நான்கு கிழமை.

செய்ய:
– முழுக்கக் கழற்றித் துடைக்க
– புது வெடி ஒரு பெட்டி
– வெடி அடுக்குகிற மகசின், அதன் ஸ்பிரிங் பார்க்க
– வரதனுக்குப் பதில்

வரதன் சங்கச் செயலாளர். பற்றரியில் ஊதுகிற ஹோர்ன் ஒன்று வாங்கலாம் என்கிறான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எரிகிறது.

ஜூன் 10, செவ்வாய்

நித்திரை சரியில்லை. போன வருடம் நடந்ததையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

பத்து வயதுப் பெண் பிள்ளைகள், நூறு மீற்றர். முதல் தடவை வெடிக்கவே இல்லை. டிக் என்றது. சனம் சிரித்தது. இரண்டாம் முறை வெடித்தது. ஆனால் ஒரு பிள்ளை முந்திக் கிளம்பிவிட்டது. அப்படியென்றால் நான் உடனே இன்னொரு வெடி வைத்து எல்லோரையும் திருப்பிக் கூப்பிட வேண்டும். விசையை இழுத்தேன். சிக்கிவிட்டது. பிள்ளைகள் முடிவுக் கயிறுவரை ஓடிப் போனார்கள். ஒரே ஒரு பிள்ளை மட்டும் கோட்டிலேயே நின்றது. பிழையான ஓட்டம் என்று அதற்குத் தெரியும், திருப்பிக் கூப்பிடுவேன் என்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசி இடம். தாய் தகப்பன்மார் பிடித்த சண்டை வேறு கதை.

அந்தப் பார்வை போகிறதே இல்லை.

இருபத்திரண்டு வருடம் ஓட்டம் தொடக்கி வைக்கிற ஸ்ராட்டர் நான்தான். பிஸ்கட் கொம்பனியில் என் சொல்லை ஒருவனும் கேட்கமாட்டான். வருடத்தில் ஒரு நாள் என் கையைப் பார்த்து ஒரு மைதானமே மூச்சடக்கி நிற்கும். அது இல்லாவிட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

காலையில் கோப்பை கை நழுவி உடைந்தது. மனுசி பவா சோப்பை மாற்றியிருக்கிறா. வழுக்குகிறது.

ஜூன் 12, வியாழன்

டிக் என்றதற்குக் காரணம் பிடிபட்டது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

வெடியின் பின்பக்கத்தில் அடிக்கிற ஊசி இருக்கிறதே, அது ஓடுகிற சின்னத் துவாரம் முழுக்க மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது. குண்டூசியால் சுரண்டினேன். மணந்து பார்த்தேன். சந்தனம்.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் என் ஸ்குறூ டிறைவர், தன் தையல் மெசின், பிஸ்டல், எல்லாவற்றையும் பவா சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்பா. எல்லாவற்றுக்கும் பொட்டு. பிஸ்டலுக்கு மட்டும் அந்தத் துவாரத்தில்தான் பொட்டு, பார்க்க நெற்றி மாதிரி இருக்கிறதாம். இருபத்திரண்டு பூசைச் சந்தனம், ஊசி எப்படிப் போய்க் குத்தும்?

கத்தினேன். பவா அடுப்பை விட்டுத் திரும்பாமல் சொன்னா: "சாமிக்கு வைச்ச சந்தனம் ஒண்டையும் பழுதாக்காது. நீங்கள் வேற எங்கையும் பாருங்கோ."

ஆனாலும் மனது கொஞ்சம் இலேசு. காரணம் என்று ஒன்று இருந்ததே.

ஜூன் 14, சனி

யூட்டின் கராஜ். கார் திருத்துகிற மன்னார்ப் பெடியன், ஐம்பது தாண்டிவிட்டான், எனக்கு இன்னும் பெடியன்தான். சனி மத்தியானம் அந்த வரிசையில் எல்லாக் கராஜிலும் தகரம் அடிக்கிற சத்தம், நம்முடையது எடுபடாது. பிஸ்டலைத் துவாயில் சுற்றி சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். வழி முழுக்கப் பொலிஸ் பயம்.

முதல் வெடி: சுத்தம். டிக் இல்லை.
இரண்டாவது: சிக்கு. வெடித்து முடிந்த வெறும் கோது வெளியே போகாமல் வாயிலில் குறுக்கே நிற்கிறது, புதியது ஏற வழியில்லை.
திரும்பவும் நிரப்பினேன். முதலாவது சரி, இரண்டாவது சிக்கு.
நான்கு தரம். நான்கு தரமும் அதே.

எனக்குத் தேவை இரண்டாவதுதான். முதல் வெடியை எந்த ஹோர்னும் ஊதும்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. மகசினுக்குப் புது ஸ்பிரிங் போட்டேன். வாய்த்தகடு கொஞ்சம் விரிந்திருந்தது, குறட்டால் நெரித்தேன். குறடு இரண்டு தரம் விழுந்தது. எல்லாம் சீனச் சாமான், பிடியே இல்லை.

சட்டைப் பொத்தான் போடவும் நேரம் எடுக்கிறது. லோண்டரியில் துளைகள் சுருங்கிவிடுகின்றன போலும்.

ஒரு நல்ல விசயம். எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தல் தொட்டவுடன் திறந்தது. மாசியில் இதே போத்தலோடு மல்லுக்கட்டிப் பவாவோடு சண்டையும் பிடித்தேன். கை சரியாகத்தான் இருக்கிறது.

வரதன் மெசேஜ்: "அண்ணை, முடிவு சொல்லுங்கோ." சனிக்குள் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 21, சனி

எழுத விருப்பமில்லை. எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

யூட்டின் கராஜ். புது ஸ்பிரிங், புது வெடி, மூன்று சொட்டு எண்ணெய். இரண்டாவதில் சிக்கு. எறியப் போனேன். யூட் வாங்கி, துணி சுற்றி, மேசையில் பூட்டியிருக்கிற இரும்பு இடுக்கி, அந்த வைஸில் இறுக்கினான். விசையை இழுத்தான். ஏழும் வெடித்தது. கோது ஒவ்வொன்றும் அழகாகப் பறந்து போய் விழுந்தது.

பிறகு கையில் பிடித்துச் சுட்டான். ஏழும் வெடித்தது.

என்னிடம் தந்தான். ஒன்று. சிக்கு.

வெடியின் பின்னடியை வாங்கிக்கொள்ள ஒரு இறுக்கமான கை வேண்டும். கை விட்டுக் கொடுத்தால் பிஸ்டலின் மேல்துண்டு பாதிதான் பின்னுக்குப் போகும், கோது வெளியே போகாது. அவன் இதைச் சொல்லவில்லை. வைஸைப் பார்க்க எனக்கே விளங்கியது.

யூட் பிஸ்டலை வாங்கி மேசையில் வைத்தான். பிறகு, "அண்ணை, கையை ஒருக்கால் காட்டுங்கோ."

காட்டினேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சதை இல்லை. குழி. இடக் கையில் அந்த இடம் மேடாக இருக்கிறது. இவ்வளவு நாளும் எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

"எவ்வளவு காலமா உப்பிடி?"

தெரியாது என்றேன். பொய். கோப்பை, குறடு, பொத்தான், போன வருடத்து மைதானம். அந்தப் பிள்ளை கோட்டில் நின்றபோதே இந்தக் கை இப்படித்தான் இருந்திருக்கும்.

"பிஸ்டலில ஒரு பிழையும் இல்லை அண்ணை" என்றான். என் முகத்தைப் பார்த்ததும் எண்ணெய்த் துணியை எடுத்துத் தன் கையைத் துடைக்கத் தொடங்கினான். திங்களே டொக்டரிடம் போவேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டான். பயமாக இருக்கிறது. வேறு சொல் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

விட்டு விட்டு மழை. வரதனுக்கு எழுதினேன்: பிஸ்டல் முடிஞ்சுது, இனித் திருத்த ஏலாது, ஹோர்ன் வாங்கு. கும்பிடு போடுகிற படம் ஒன்று உடனே வந்தது. அவ்வளவுதான், இருபத்திரண்டு வருடம்.

பாவம் பிஸ்டல். பழியை அதன் மேல் போட்டுவிட்டேன். துடைத்து, துவாயில் சுற்றி அலுமாரியில் வைத்தாயிற்று.

பவாவிடம் எப்படிச் சொல்வது? காலையில் இரண்டு தரம் வாயெடுத்தேன். "என்னப்பா?" என்றா. மழை விடாது போல என்றேன். கோயிலுக்குப் போய்விட்டா.

தனியே சாப்பிட இருந்தேன். ஊறுகாய்ப் போத்தல். மூடி சும்மா கையோடு வந்தது. அப்போதும் விளங்கவில்லை. ஜாம் போத்தல், அதுவும் அப்படியே. எழும்பிப் போய் பிரிட்ஜைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சட்னி, மோர், தண்ணீர்ப் போத்தல். பிறகு குசினி அலுமாரியில் மல்லித்தூள், கோப்பித்தூள். பிறகு என் பிறஷர் மருந்து.

ஒன்றுகூட இறுக்கி மூடியிருக்கவில்லை. எல்லாம் திறந்து, மூடி மேலே சும்மா வைத்திருக்கிறது.

பவா என் கையைக் கண்டது மாசிச் சண்டைக்குப் பிறகா? அதற்கும் முந்தியா?

கார் வந்து நிற்கிறது. மூடிகளைப் பழையபடி வைக்க வேண்டும்.