மாடியிலிருந்து இறங்கிய நாற்காலி

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே உன் அம்மா சவுக்கியம், நான் சவுக்கியம், உன் சிப்பாய் மாமா முழங்கால் நீங்கலாகச் சவுக்கியம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி கிளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா போனில் கண் காது மூக்கு வைத்துச் சொல்லிவிடுவாள். போன செவ்வாய்க்கிழமை உன் அப்பன் ஒரு மேடையில் ஏறி, போகாத போருக்காகப் பூங்கொத்து வாங்கிக்கொண்டான். கைதட்டல் வேறு. சிரிக்காதே, நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

நடந்தது இதுதான். உன் மாமா ராணுவத்திலிருந்து வந்த நாளாக வேலைக்கு அலைவது உனக்குத் தெரியும். அங்கே மலை மாதிரி லாரிகளைப் பிரித்து மாட்டியவன், இங்கே ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பிலும் அவன் கையைப் பார்க்காமல் காலைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்கிறார்கள். கிடைப்பதெல்லாம் காவல்காரன் வேலை, அதாவது நிற்க முடியாதவனுக்கு நாள் முழுக்க நிற்கிற வேலை. வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து உன் அம்மாவின் மிக்ஸியை வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி மாட்டுகிறான், சாயங்காலமானால் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் அக்கா என்று கிளம்பிவிடுகிறான். இந்த நிலைமையில் பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலி என்று தெரிந்தது. உட்கார்ந்தபடி பார்க்கிற வேலை, அவனுக்கென்றே செய்து வைத்த மாதிரி. ஆனால் ஆதரவு மையத்தில் பெயர் பதிந்தவர்களைத்தான் டிப்போவில் கூப்பிடுவார்களாம், பதிவு அந்தச் செவ்வாய்க்கிழமை மையத்தில் நடக்கிற விழாவில் மட்டும், அதுவும் நேரில் வந்தால்தான். விட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ. முன்னாள் படைவீரர்கள், குடியேறியவர்கள், உழைக்கும் குடும்பங்கள் எல்லோருக்கும் ஆதரவும் வாய்ப்பும் என்று கட்டட முகப்பை மறைத்து ஒரு பேனர். உழைக்கிற குடும்பங்களுக்கான விழாவை வேலைநாள் காலையில் வைத்த புத்திசாலியை எனக்கு ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். நான் ஸ்கூல் வேனை இன்னொரு டிரைவரிடம் கொடுத்து, அன்றைய சம்பளத்தையும் அவனுக்கே விட்டுவிட்டுத்தான் போனேன்.

போனால், விழா இரண்டாவது மாடியில். லிஃப்டில் பழுது என்று ஒரு அட்டை தொங்குகிறது, அந்த அட்டையிலேயே தூசி படிந்திருக்கிறது. ஊரில் கால் உடைந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள், பார்த்துக்கொள். மாமா படிக்கட்டை அண்ணாந்து பார்த்தான், அப்புறம் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான். அந்தப் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தது யார் என்கிறாய், நம் தெருக்கோடிப் பழைய கட்டடத்தில் குடியிருக்கிற நர்ஸம்மா. அவள் சொந்த நாட்டில் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே கவனித்தவள், இங்கே வந்து வாளியும் துடைப்பமும். அவளும் பெயர் பதியத்தான் லீவு கேட்டிருக்கிறாள். விழா நடப்பதால் குப்பை கூடுதலாக விழும், அதனால் லீவு கிடையாது என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டானாம். கேட்டபோதே எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மாமாவின் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். மாமா தன் ராணுவ கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்து, அத்தான், நீங்க மேல போய் இதைக் காட்டிச் சொல்லுங்க, இதுக்குச் சொந்தக்காரன் கீழ இருக்கான், யாராவது ஒருத்தர் இறங்கி வந்து எழுதிக்கிட்டுப் போகட்டும் என்றான். கையில் பிடித்தால் பதக்கங்கள் நசுங்கும் என்று நான் அதைப் போட்டுக்கொண்டேன். சரி, உன்னிடம் என்ன மறைக்க, அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. தொப்பை மேல் பட்டன் எட்டவில்லை, மூச்சைப் பிடித்து எப்படியோ மாட்டிக்கொண்டு ஏறினேன்.

அதுதான் நான் செய்த தப்பு. வாசலில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு அதிகாரியம்மா, அட்டையம்மா என்றே வைத்துக்கொள்வோம், வாங்க சார், உங்களுக்குத்தான் இவ்வளவு நேரம் காத்துட்டிருக்கோம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மேடையில் மூன்று நாற்காலி, மூன்றின் முதுகிலும் தாள் ஒட்டியிருக்கிறது. படைவீரர், குடியேறியவர், உழைக்கும் குடும்பம். குடியேறியவர் நாற்காலியில் டீ சப்ளை செய்ய வந்த ஆளை உட்கார வைத்திருந்தார்கள், அவர் பிறந்ததே பக்கத்துத் தெருவில். உழைக்கும் குடும்பத்தில் ஒரு அம்மா பட்டுப்புடவையும் கூலிங்கிளாஸும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அட்டையம்மாவின் நாத்தனார் என்று டீக்காரர் என் காதில் போட்டார். நியாயமாகப் பார்த்தால் அது என் நாற்காலி. என்னைப் படைவீரரில் அமுக்கிவிட்டார்கள். சிறப்பு விருந்தாளி பூங்கொத்தை நீட்டினார். நான் எழுந்து, ஐயா, நான் வீரனெல்லாம் இல்லீங்க என்றேன். என்ன அடக்கம் பாருங்கள் என்று அவர் மைக்கில் சொல்ல, சபையே எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலில் உன் அப்பன் ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டான். நம் வீட்டில் எனக்கு யார் கை தட்டியிருக்கிறார்கள் சொல். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சுகள் முடிந்ததும் அட்டையம்மாவைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். நிஜமான ஆள் கீழே இருக்கிறான், ஏற முடியவில்லை, இறங்கி வந்து பெயரை எழுதிக்கொள்ளுங்கள் தாயே என்றேன். பதிவு மேஜை மேலேதான் சார், கீழே கொண்டு வர அனுமதி இல்லை, ஏற முடியாதவங்க முன்கூட்டியே சொல்லியிருக்கணும் என்கிறாள். எங்கே சொல்லணும் என்றேன். இங்கதான் சார், இதே மேஜையில என்கிறாள், கொஞ்சம்கூடச் சிரிக்காமல். பூங்கொத்தோடு கீழே இறங்கினேன். மாமா பார்த்துவிட்டு, எந்தப் போர்ல வாங்கினீங்க அத்தான் என்றான். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நடந்ததைச் சொன்னதும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. விடுங்க அத்தான், வீட்டுக்குப் போகலாம், பழகிப்போச்சு என்றான். அந்தப் பழகிப்போச்சுதான் என்னைக் கிளப்பிவிட்டது. யார் பழக்கியது? காலைக் கொடுத்துவிட்டு வந்தவன் ஒரு படியில் உட்கார்ந்துகொண்டு பழகிப்போச்சு என்று சொல்ல வேண்டுமா? படித்த படிப்பையெல்லாம் வாளியில் கரைத்துக்கொண்டு நிற்கிறவளும் அதையேதான் சொல்லப்போகிறாளா? மாடியில் நாற்காலியில் பெயர் ஒட்டி வைத்துவிட்டு, அந்தப் பெயருக்குரியவர்களை ஒருத்தர் விடாமல் படிக்குக் கீழே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்!

மறுபடி ஏறினேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மேடைக்குப் போய்ப் படைவீரர் நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். ஏன் நாற்காலி என்று கேட்காதே, மேஜை கனமாக இருந்தது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து போட்டோக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். போட்டோக்காரர் போகிற இடத்துக்குச் சிறப்பு விருந்தாளி போகாமல் இருப்பாரா, அவர் வந்தார். அவர் வந்தால் அட்டையம்மா வராமல் இருப்பாளா, அவள் பதிவேட்டோடு வந்தாள். வழியில் கோட்டு பட்டன் இரண்டு தெறித்து யார் தலையிலோ விழுந்தது. கடைசிப் படிக்குப் பக்கத்தில் நாற்காலியை டொப்பென்று போட்டு, எழுந்து உட்காருடா மச்சான் என்று கத்தினேன். உட்கார்ந்தான். கேமரா முன்னால் அட்டையம்மா எதைத் தடுக்க முடியும், அனுமதி இல்லாத இடத்திலேயே குனிந்து நின்று எழுதினாள். வருகிற வாரம் டிப்போவில் நேர்காணல், அது தரைத்தளம், நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜெயித்துவிட்டோம் என்று உன் அம்மா எல்லோருக்கும் போன் போடுகிறாள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஒரு மனுஷன் பெயரை எழுத வைக்க உன் அப்பன் நாற்காலி திருட வேண்டியிருக்கிறது. நர்ஸம்மா பெயரை இன்னும் எழுதவில்லை, முதலாளி சம்மதம் வேண்டுமாம், அவளுக்கு முதலாளி அந்தக் கான்ட்ராக்டர். அடுத்து அவனைத்தான் பார்க்கப் போகிறேன், தூக்க வாகாக ஏதாவது வைத்திருக்கிறானா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. நீயும் அந்த ஊரில் குடியேறியவள்தானே. அங்கே உன் பெயர் ஒட்டிய நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, நீ எந்தப் படியில் நிற்கிறாயோ, போனில் கேட்டால் எல்லாம் நல்லா இருக்குப்பா என்கிறாய். பழகிப்போச்சு என்று மட்டும் ஒரு நாளும் சொல்லாதே. கோபம் வந்தால் கோபப்படு, அடக்கி வைக்காதே, நம் பரம்பரைக்கே அசிடிட்டி. யாராவது இலவசமாகக் கோட்டு கொடுத்தால் முதலில் பட்டன் எட்டுகிறதா என்று பார்.

நீ நீண்ட ஆயுசோடு, நிமிர்ந்த தலையோடு, உனக்கென்று போட்ட நாற்காலியில் காலை நீட்டி உட்கார வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். நேர்காணலுக்கு முதல் நாள் மாமாவுக்கு மறக்காமல் போன் செய், உன் குரல் கேட்டால்தான் அவனுக்குத் தைரியம் வரும்.

இப்படிக்கு,
போருக்குப் போகாத உன் அப்பா

பி.கு.: உன் அம்மா இதைப் படித்துவிட்டு ஒரு விஷயத்தைச் சேர்க்கச் சொல்கிறாள். நர்ஸம்மாவின் வீடு நாலாவது மாடியாம். அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. உன் மாமா தினமும் சாயங்காலம் காற்று வாங்குவது அங்கேதானாம்.