தோற்றால் வருவான்

டிசம்பர், ஞாயிறு இரவு

மகன் தோற்க வேண்டுமென்று ஆசைப்படுகிறவளை என்னவென்று சொல்வது? எனக்குத் தெரியவில்லை.

ஆதவன் அமெரிக்காவில் படித்தபடி இரண்டாம் தரக் கல்லூரி அணி ஒன்றில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான். பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுப்பது மட்டுமே அவன் வேலை. அணி முன்னேற முடியாமல் திணறும்போதுதான் அவனை இறக்குவார்கள். அணி நன்றாக ஆடினால் என் பிள்ளையைத் திரையில் பார்க்கவே முடியாது.

இன்று காலை நாக்அவுட் ஆட்டம். தோற்றால் சீசன் முடிந்து, நியூசிலாந்தின் டிசம்பர் கோடைக்கு, மனுரேவாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவான். அணி திணறியது, அவன் திரும்பத் திரும்ப வந்து உதைத்தான். தோற்றார்கள்.

"பெடியன் அழுறான், நீர் சிரிக்கிறீர்," என்றார் கணவர்.

"நான் எங்கை சிரிச்சனான்?"

"போய்க் கண்ணாடியைப் பாரும்."

பார்க்கவில்லை. அவன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன்.

திங்கள்

ஆதவன் அழைத்தான். நேற்று அத்தனை முறை உதைத்ததைப் பார்த்து, முதல்தர அணி ஒன்று அவனைக் கேட்டிருக்கிறதாம். விடுமுறையிலேயே அங்கே போய்ப் பயிற்சி தொடங்க வேண்டுமாம். "சாரி அம்மா, நெக்ஸ்ட் இயர்."

கணவர் தேநீரை என் முன்னால் வைத்தார்.

"இப்ப சிரியுமன்."