குழந்தைகள் வார்டை இப்போது திறக்க வேண்டாம்

அனுப்புநர்:
திட்ட மேலாளர் (சென்ற வாரம் வரை),
புதிய குழந்தைகள் வார்டு கட்டுமானப் பணி,
மருத்துவமனைப் பணியாளர் குடியிருப்பு.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: தீ எச்சரிக்கை மணியோடு இணைக்கப்படாத மின்கதவுகளுடன் வார்டைத் திறப்பதை நிறுத்தவும், வேலைநீக்கம் செய்யப்பட்ட துப்புரவுப் பணியாளரை மீண்டும் பணியில் சேர்க்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வரும் வெள்ளிக்கிழமை இந்த வார்டு திறக்கப்பட்டு, பழைய கட்டடத்திலுள்ள குழந்தைகள் அன்றே இங்கு மாற்றப்பட உள்ளனர். அதற்குள் இம்மனு தங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்பதால், உரிய வழியில் அனுப்பாமல் நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன். இம்முறைமீறலைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பழைய மருந்துக் கிடங்கை வார்டாக மாற்றுவதே எங்களுக்கு இடப்பட்ட பணி. படுக்கைகள், ஆக்சிஜன் குழாய், தீ எச்சரிக்கை மணி ஆகியவையே அதன் வரம்பு. பாதி வேலை முடிந்த நிலையில், அட்டை காட்டினால் மட்டும் திறக்கும் மின்கதவுகள் வேண்டும் என்று மருத்துவக் கண்காணிப்பாளர் கேட்டார். பழைய வார்டில் வெளியாள் ஒருவர் நுழைந்து ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்ல முயன்றதால் எழுந்த கோரிக்கை அது. அதில் நியாயம் இருந்தது, நானும் மறுக்கவில்லை. அதன் பின் விளையாட்டு அறை வந்தது. அதன் பின் முகப்பில் கண்ணாடி. ஒவ்வொன்றும் நடைபாதையில் நின்றபடியே முடிவாயிற்று. "சின்ன வேலைதானே மேடம், கையோட முடிச்சிடுங்க" என்பதே எனக்குக் கிடைத்த உத்தரவு.

மணி ஒலித்தால் கதவுகளின் பூட்டு தானாக விட வேண்டும். மணி ஓர் ஒப்பந்ததாரருடையது, கதவு இன்னொருவருடையது. இரண்டையும் இணைப்பது எவருடைய ஒப்பந்தத்திலும் இல்லை. அந்த இணைப்பையும் கூட்டுச் சோதனையையும் பணி வரம்பில் சேர்த்து, திறப்பு விழாவைத் தள்ளிவைக்குமாறு எழுத்துமூலம் கேட்டேன். கூட்டத்தில் கண்காணிப்பாளர் சொன்னார்: "தேதி குடுத்தாச்சும்மா. மாத்துனா என் தலைதான் உருளும். இணைப்ப அப்புறம் பாத்துக்கலாம்." ஒப்பந்ததாரர்கள் இருவரும் கைவசம் இருந்த நாட்கள் முகப்புக் கண்ணாடிக்குப் போய்விட்டன.

சென்ற வாரம் வார்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, பெயின்ட் உலர்வதற்காக வேலையாட்கள் வைத்துவிட்டுப் போன ஹீட்டர் புகைந்தது. மணி நன்றாகவே ஒலித்தது. எல்லோரும் கீழே இறங்கினோம். நாங்கள் எல்லோரும் அக்கா என்றழைக்கும் துப்புரவுப் பணியாளர் மட்டும், காவலாளி அட்டை காட்டித் திறந்துவிட்ட உள்ளறையில் இருந்தார். துப்புரவுப் பணியாளர்களுக்குக் கதவு அட்டை வழங்கப்படவில்லை. அவர் கதவைத் தட்டியது மணியோசையில் எவர் காதிலும் விழவில்லை. ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு நான் திரும்ப மேலே ஓடியபோது, கதவிலிருந்த சிறு கண்ணாடியில் அவருடைய உள்ளங்கை தெரிந்தது. அதன் பின்னால் புகை. அட்டை வைத்திருந்த காவலாளி கீழே நின்றார். எலக்ட்ரீஷியன் பாய்ந்து வந்து கதவுக்கான மின்சாரத்தைத் துண்டித்த பிறகே பூட்டு விட்டது.

அக்கா வெளியே வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இருமினார். பிறகு என்னைப் பார்த்து, "கதவு ஏன் மேடம் தொறக்கல?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

விசாரணையில் ஓர் ஒப்பந்ததாரர், "எங்க மணி அடிச்சுதுங்க" என்றார். மற்றவர், "எங்க கதவு சரியாத்தான் பூட்டியிருந்துச்சு" என்றார். இரண்டும் உண்மை, ஐயா. இரண்டு உண்மைகளுக்கு நடுவே ஒரு பெண் மூச்சுமுட்டிப் போயிருப்பார். ஆயினும், ஹீட்டரை அணைக்காத கவனக்குறைவு என்று அறிக்கை எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த ஹீட்டரை வைத்தவரும் அவர் அல்லர். அதைத் தொடும்படி அவரிடம் எவரும் சொன்னதும் இல்லை. பணி முடிந்ததாகக் கையெழுத்திட மறுத்த என்னை வேறு பிரிவுக்கு மாற்றியுள்ளனர். அதைப் பற்றி எனக்கு முறையீடு ஏதும் இல்லை.

அந்த வார்டில் படுக்கப்போகிறவர்கள் கையில் ஊசி ஏறியிருக்கும் குழந்தைகள். தாய்மார் பலர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள். அட்டை யார் கையில் இருக்கிறது என்று தேட அவர்களுக்கு அவகாசம் இராது.

எனவே, மணியும் கதவும் இணைக்கப்பட்டு, தங்கள் அலுவலர் முன்னிலையில் சோதிக்கப்படும் வரை வார்டைத் திறக்கத் தடை விதிக்குமாறும், இனிச் சேர்க்கப்படும் எந்த வேலையும் ஏற்கெனவே உள்ளவற்றை எப்படிப் பாதிக்கும் என்று பார்த்து 'முடியாது' என்று சொல்லும் அதிகாரத்தை ஒருவருக்கேனும் வழங்குமாறும், அக்காவின் பணிநீக்கத்தை ரத்துசெய்யுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

சோதனை நாளில் பூட்டிய கதவுக்கு உட்புறம் நிற்க எனக்கு அனுமதி தர வேண்டும். அக்காவிடம் இதைச் சொன்னேன். "நானும் வரேன் மேடம். ஆனா என் கையப் புடிச்சுக்கங்க" என்றார். எங்கள் இருவருக்கும் அனுமதி வழங்கி ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
முன்னாள் திட்ட மேலாளர்

இடம்: தலைமை அலுவலக வரவேற்பறை
நாள்: திறப்பு விழாவுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை