ஹரி மிஸ்

ஜூன் 10, செவ்வாய்

கல்லூரி எங்களை ஏமாற்றியது. மழலையர் கல்வி படித்தால் எந்தப் பள்ளியிலும் வகுப்பு கிடைக்கும் என்று மூன்று வருடம் சொன்னார்கள். ஆணுக்குக் கிடைக்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. குரோம்பேட்டையிலிருந்து நாவலூர் வரை ஏழு பள்ளி ஏறி இறங்கிவிட்டேன். ஐந்தில் வாட்ச்மேனே என்னை வேன் டிரைவர் வேலைக்கு வந்தவன் என்று நினைத்தார்.

ஜூன் 16, திங்கள்

சேலையூரில் எடுத்துக்கொண்டார்கள். ப்ரீகேஜி இரண்டு வகுப்பு. ஒன்று அனுப்பிரியாவுக்கு, ஒன்று எனக்கு. ஒன்றாகப் படித்தவர்கள், மார்க் அவளுக்குத்தான் அதிகம். அப்பாவிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஜூன் 20

பிள்ளைகளுக்கு டீச்சர் என்றால் மிஸ். அதனால் நானும் ஹரி மிஸ். ஆரம்பித்து வைத்தது சாஹில், மூன்றரை வயது. ஆயா அங்காளம்மாள் அக்காவுக்குச் சிரித்து மாளவில்லை. "இன்னா மிஸ்ஸு, மீசை கீது?"

நான் திருத்தவில்லை. பிடித்திருக்கிறது என்று இங்கே மட்டும் எழுதலாம்.

ஜூன் 27

சாஹில் ஷூவைக் கால் மாற்றித்தான் போடுகிறான். தரையில் உட்கார்ந்தேன். குழந்தையிடம் பேச அதன் கண் மட்டத்துக்கு இறங்கு: முதல் வருடம், முதல் பாடம். ஒன்று அவன், ஒன்று நான் என்று ஒப்பந்தம். கால் மணி நேரம் ஆனது. போட்டான். இதற்குத்தான் படித்தேன்.

ஜூலை 8

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி: சின்னப் பிள்ளைங்களை ஏன் ஒரு ஆம்பளை தொடணும்? பதினாலு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

எவனோ செய்ததற்கு என் கையை ஏன் — ஆனால் அந்தப் பயம் பொய்யா? செய்தியில் வருகிறவன் எல்லாம் யார்? என் தங்கைக்குப் பிள்ளை இருந்து இப்படி ஒரு வகுப்புக்கு அனுப்பினால் நான் கேட்டிருக்க மாட்டேனா?



ஜூலை 10

தாளாளர் ஞானாம்பாள் மேடம் கூப்பிட்டார். திட்டவில்லை. அதுதான் மோசம். "உங்களை கோஆர்டினேட்டர் ஆக்குறேன், ஹரி. அட்மிஷன், பேரண்ட்ஸ் மீட்டிங் எல்லாம் நீங்கதான். பிள்ளைங்களை மட்டும் தொட வேணாம்." சம்பளமும் கூடுமாம். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கேமரா இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும், ஆயா கூடவே நிற்கட்டும், வகுப்பை மட்டும் கொடுங்கள் என்றேன். வீட்டில் போய் யோசிக்கச் சொன்னார்.

அநியாயம் என்று அனுப்பிரியாவிடம் கத்தினேன்.

"அநியாயம்தான். உன்மேல சந்தேகம், அதுக்கு உனக்கு பிரமோஷன். எனக்கு ரெண்டு கிளாஸும் சேர்த்து நாப்பது பிள்ளை. எனக்காகவும் கொஞ்சம் கத்துடா."

கத்தவில்லை.

ஜூலை 11

விலகலாமா? விலகி எங்கே, ஒன்பதாவது பள்ளிக்கா?

ஜூலை 28

மேஜை. சுழல் நாற்காலி. புதிய நோட்டீசில் என் படம், கீழே என் பட்டம். வருகிற அம்மாக்களிடம் நன்றாகத்தான் பேசுகிறேன். அப்பா முதல் தடவையாக என் வேலையைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 6, புதன்

பன்னிரண்டரை. வாசலில் வேனுக்கு வரிசை. அனுப்பிரியா அந்தக் கோடியில், இடுப்பில் ஒன்று, கையில் இரண்டு. சாஹில் வரிசையை விட்டு என்னிடம் ஓடி வந்தான். ஷூ இரண்டும் கையில்.

"ஒண்ணு நான். ஒண்ணு நீங்க."

தலைக்கு மேலே கேமரா. அங்காளம்மாள் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வேனுக்குள் இருந்தார், கேட்கவில்லை.

அவன் தரையில் உட்கார்ந்து ஒன்றைப் போட்டுக்கொண்டான். சரியான காலில். மற்றதை என் பக்கம் நீட்டி அண்ணாந்து பார்த்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"மிஸ். இப்ப நீங்க."