உயரத்திலிருந்து ஊற்றிய தண்ணீர்

மச்சாள்,

இன்று காலை மீன்தொட்டித் தண்ணீரில் ஒட்சிசன் பார்க்கிற அந்தச் சின்னப் போத்தலை எடுத்து, குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பினேன். மருந்துத் துளிகளை விட்டு மூடிக் குலுக்கியதும் நிறம் நன்றாக அடர்ந்து வந்தது. ஒட்சிசன் குறையவில்லை. உமக்குக் காட்டலாமென்று திரும்பிவிட்டேன். நீர் கண்ணை மூடி ஒரு மாரிகாலம் கழிந்துவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

என் கணவர், உம்முடைய அண்ணன், இறந்து சில கிழமைகளே ஆகியிருந்த அந்தச் சித்திரையில், நான் எவரோடும் கதைக்காமல் அறைக்குள் கிடந்தேன். வந்தவர்கள் எல்லோரும் மனதைத் தேற்றச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மத்தியானம் கரண்ட் நின்றது. தொட்டிக்குக் காற்று விடும் மோட்டரும் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் ஆசையாக வளர்த்த தங்கமீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கின. பயத்தில் உமக்குத்தான் போன் எடுத்தேன். அண்ணனைப் போல உமக்கும் மீன் என்றால் பைத்தியம்.

நெல்லியடியிலிருந்து அந்த வெயிலில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினீர். நான் மீனுக்குத் தீன் போடும் பேணியோடு நின்றேன்.

"அதைப் போடாதையும். உதுகள் பசியிலை வாய் திறக்கேல்லை, மூச்சுக்குத் தவிக்குதுகள்."

நீர் கொண்டுவந்த போத்தலில் சோதித்தபோது தண்ணீர் வெளிறியே நின்றது. "வெக்கைக்கு ஒட்சிசன் தண்ணியிலை நிக்காது, மச்சாள். மோட்டரும் இல்லை" என்றீர். நான் கிணற்றில் அள்ளி வந்த வாளியையும் மறித்தீர். "கிணத்துத் தண்ணியிலையும் காத்துக் குறைவு. முதல்லை வாளிக்கு வாளி மாத்தி ஊத்துவம், காத்துக் கலக்கட்டும்."

வெயில் விழாமல் யன்னலைச் சாத்தி, தொட்டிக் கண்ணாடியைச் சுற்றி ஈரச் சாக்கைப் போட்டோம். பிறகு வாளித் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் செம்பால் அள்ளி அள்ளி உயரத்திலிருந்து தொட்டிக்குள் ஊற்றினோம். ஒருவர் களைத்தால் மற்றவர்.

"அண்ணை இருந்திருந்தா எங்களை ஊத்த விட்டிட்டு மீனோடை கதைச்சுக்கொண்டு நிண்டிருப்பார்" என்றீர்.

"ஓம். 'பயப்பிடாதை ராசாத்தி' எண்டு மீனுக்குச் சொல்லுவார். எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு அழுகையாயிற்று. நீரும் அழுதீர். எனக்குக் கணவர் போனதுபோல உமக்கு அண்ணன் போயிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுதுகொண்டே ஊற்றினோம்.

ஒரு மீன் செத்தது. பொழுதுபட முன் மற்றவை கீழே இறங்கி நீந்தத் தொடங்கின. கரண்டும் வந்தது. "பசிக்குது மச்சாள், ஏதும் சமையும்" என்று உரிமையோடு கதிரையில் சாய்ந்தீர். அவர் போன பிறகு அன்றுதான் நான் அடுப்பை மூட்டினேன். அதற்கு உமக்கு நன்றி சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் ஏசியிருப்பீர்.

போன கிழமை எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் கணவனை இழந்த பெண்ணொருத்தியைப் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்தபடி இருந்தாள். நான் வெளியே எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது, வானம் இருண்டு வந்தது.

"பிள்ளை, மழை வரப்போகுது. வந்து ஒரு கை பிடியும்" என்றேன்.

எழும்பி வந்தாள், மச்சாள்.