நாற்பத்தேழு மங்குஸ்தான்

ஜூன் 4, 2025, புதன்
வந்துவிட்டது! பதினோரு வருஷமாக எழுதிய நாவல், நான்கு பதிப்பகங்கள் வேண்டாம் என்ற நாவல் — ஐந்தாவது போடுகிறது! வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீசில் பட்டா மனுக்களுக்கு நடுவே போன் வந்தது. சென்னையிலிருந்து எடிட்டர் ப்ரீதா. "மேடம், அந்த மங்குஸ்தான் சீன்ல அழுதுட்டேன்" என்றாள். ஆபீஸ் என்பதையே மறந்து "ஐயோ!" என்று கத்திவிட்டேன். மனு கொடுக்க நின்ற பெரியவர் பயந்துபோய், "என் மனுல ஏதும் தப்பாம்மா?" என்றார்.

ஹார்டுவேர் கடையை அடைத்துவிட்டு வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அச்சுல வரட்டும், படிக்கேன்." பதினோரு வருஷமாக இதே பாட்டுதான். கையெழுத்தில் கொடுத்தால் புரியவில்லை, டைப் அடித்துக் கொடுத்தால் கண்ணாடி மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புரட்டியதில்லை இந்த மனுஷர்.

ஜூன் 5
பஸ்ஸில் தனியாகச் சிரித்திருக்கிறேன். பக்கத்து சீட் அம்மாள் எழுந்து வேறு இடம் போய்விட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு
கொண்டாட ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சாரல். கிதிர் முகம்மது பாய் கடையில் மங்குஸ்தான் வாங்கினேன். என் கதையே அதுதானே! அறுநூறு வருஷத்துக்கு முந்திய தென்காசி. பாண்டிய இளவரசன் அருவிக்கரையில் பழத்தைப் பிளந்து, வெள்ளைச் சுளையைப் பூக்கட்டும் பெண்ணின் கையில் வைக்கிறான். பெருமையாகச் சொன்னேன். பாய் தராசைக் கீழே வைத்தார்.

"அக்கா, இது வெள்ளைக்காரன் கொண்டாந்து வச்ச மரம்லா? எரநூறு வருசந்தான் இருக்கும். ஒங்க ராசாவுக்கு யாரு குடுத்தா?"

வீட்டுக்கு வந்து தேடினேன். பாய் சொன்னது நிஜம். கல்வெட்டு, செப்பேடு, காசு எல்லாம் தேடினேனே, வருஷா வருஷம் தின்கிற பழத்தைத் தேடத் தோன்றவில்லையே! மங்குஸ்தான் இல்லாத குற்றாலம் இருந்திருக்கும் என்று இந்த ஊரில் பிறந்தவளுக்கு எப்படித் தோன்றும்?

ஜூன் 9
ப்ரீதாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ? "ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்திக் குடுங்க மேடம். இல்லன்னா இந்த வருஷம் வராது." எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழு இடம். வெளங்கின மாதிரிதான்!

ஜூன் 10
பலா? அதை மடியில் ஒளித்துக்கொண்டு எந்த இளவரசன் வருவான்? மாம்பழம் எல்லார் கதையிலும் இருக்கிறது. அன்னாசி கப்பலில் வந்ததாம். கொய்யா — அடப்பாவி, நீயுமா!

"என்னத்தட்டி பொலம்புத?" என்றார் வீட்டுக்காரர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"பழம் வேணும். நம்ம மண்ணுல மொளச்ச பழம்."

"நாவப்பழத்துக்கு என்ன கேடு?"

கை கழுவப் போய்விட்டார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாவல்பழம்! ஒளிந்து தின்னலாம், ஒளிக்க முடியாது. அரண்மனையில் அவன் வாய் திறக்கிறான், நாக்கு ஊதா. கோயில் வாசலில் அவள் சிரிக்கிறாள், அதே ஊதா. ஒற்றன் இரண்டையும் பார்த்துவிடுகிறான்! பதினேழாம் அத்தியாயம் துள்ளிக்கொண்டு வருகிறது. மூன்று நாள் லீவு போட்டேன். காய்ச்சல் என்று எழுதினேன். பொய்யில்லை.

ஜூன் 15
அனுப்பியாயிற்று. ஒரு மங்குஸ்தான் கூட இல்லை.

ஜூன் 16
ஒன்று இருந்ததாம். "போர்க்களத்துல யானை தின்னுட்டு நிக்குது மேடம்" என்றாள் ப்ரீதா.

ஜூலை 19, சனி
புத்தகம்! பத்துப் பிரதி! ஒவ்வொன்றையும் தனித்தனியாக முகர்ந்தேன். ஒன்று பாய்க்கு. ஒன்றை வீட்டுக்காரர் கடைக்கு எடுத்துப் போனார். கல்லா ஆடாமல் இருக்க அடியில் வைப்பார், எனக்குத் தெரியாதா?

ஜூலை 27, ஞாயிறு
மத்தியானம் கடையிலிருந்து வந்தவர் வாயே திறக்கவில்லை. "யாருகூடயும் சண்டையா?" தலையாட்டல். "பல்வலியா?" அதற்கும் தலையாட்டல். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. "வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

திறந்தார். நாக்கு ஊதா.

சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வெட்கம் வெட்கமாக வந்தது.

சாயங்காலம் கோலம் போடும்போது எதிர்வீட்டு ஞானபாக்கியம் அக்கா ஏதோ கேட்டாள், பதில் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்தாள்.

"ஒன் வீட்டுக்காரரு நாக்கையும் இப்பந்தான் பாத்தேன்" என்றாள்.