வால் முன்னால் வருகிறது

அன்புள்ள அற்புதமேரிக்கு,

மாதா காவலில் நீயும் பிள்ளைகளும் நலம்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? இனி நான் சொல்லப்போவதை ஈரேழு உலகிலும் ஒருவரும் நம்பமாட்டார்கள், இது சத்தியம்.

நேற்று விடியலில் கிராஞ்சி விடுதியிலிருந்து வேலைக்குப் போகையில், எங்கள் லாரியில் ஒரு வால்நட்சத்திரம் ஏறி என் மடியில் உட்கார்ந்தது. சிங்கப்பூரே பகலாகிவிட்டது!

"தள்ளி உட்காருப்பா" என்றேன்.

"கோவிக்காதீங்கண்ணே. தூரத்துல இருந்தப்ப சூரியக்காத்து நேரா என் எலும்புல அடிச்சுச்சு. கிட்ட வர வர என் பனியே ஆவியாகிப் போர்வையாச்சு. இப்ப காத்து அதுல மோதி விலகிப் போகுது லா."

"அப்ப வாலு?"

"சூரியனுக்கு எதிர்ப்பக்கமா காத்து தள்ளிவிடும். அதான் சூரியனை விட்டு ஊருக்குத் திரும்புறப்ப வால் முன்னால போகும், நான் பின்னால."

ஆகையால், வாசலில் என் அறைத்தோழன் ஜூலியஸ் என் பெட்டியோடு தனியாக நிற்பதைப் பார்த்துப் பதறாதே. என் லீவு கிறிஸ்துமஸுக்குத் தள்ளிப் போய்விட்டது, கட்டிய பெட்டியைப் பிரிக்க மனம் வராமல் அவனிடமே கொடுத்துவிட்டேன். அறையில் பெட்டி இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி நடக்கிறேன். உள்ளே இருக்கும் நீலச் சட்டையை ஆணியில் மாட்டி வை. ஜூலியஸ் திரும்பும்போது உன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பு, போர்த்திக்கொள்ள.

லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். வால்நட்சத்திரம் என் மடியில் உட்கார்ந்தது புளுகுதான். திரும்பும்போது வால் முன்னால் போகும் என்பது மட்டும் நிஜம்.

உன்,
மரியஅந்தோணி